சந்தேகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு திசை

*சொல்லும் பொருளும் – வாசகர் கேள்வி பதில்*

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். முக்கியமான கோப்பு ஒன்று தவறான முகவரிக்குப் போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மேலாளருக்கு ஆங்கிலத்தில், ‘ஐ டவுட் தட் த ஃபைல் வென்ட் டு த ராங் அட்ரஸ்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ‘நல்லது, அப்படியானால் கவலை இல்லை’ என்று பதில் வந்தது. மறுநாள் கோப்பு வேறு யாரிடமோ இருப்பது தெரிந்ததும், ‘முன்பே ஏன் சொல்லவில்லை?’ என்று என்னைக் கேட்கிறார்கள். நான் சொன்னேனே! என் வாக்கியத்தில் என்ன பிழை, அம்மா?

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை இருந்திருந்தால் மேலாளர் ஒரு கணம் நின்று, ‘என்ன சொல்ல வருகிறீர்கள்?’ என்று கேட்டிருப்பார். பிழையில்லாமல் எழுதியதால் எழுதியபடியே நம்பிவிட்டார். ‘கோப்பு தவறான முகவரிக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பதுதான் நீங்கள் அனுப்பிய ஆங்கிலத்தின் பொருள். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

‘டவுட்’ என்றாலும் சந்தேகம், ‘சஸ்பெக்ட்’ என்றாலும் சந்தேகம் என்று நாம் படித்துவிட்டோம். இரண்டிலும் உறுதியின்மை இருப்பது உண்மைதான். ஆனால் உறுதியில்லாத மனம் சும்மா நடுவில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு பக்கம் சாய்கிறது. தராசின் தட்டு ‘இருக்காது’ என்ற பக்கம் தாழ்ந்தால் ‘டவுட்’. ‘இருக்கும்’ என்ற பக்கம் தாழ்ந்தால் ‘சஸ்பெக்ட்’. ‘ஐ டவுட் ஹி இஸ் அட் ஹோம்’ என்றால் அவர் வீட்டில் இருக்க மாட்டார் என்பது என் எண்ணம். ‘ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் அட் ஹோம்’ என்றால் வீட்டில்தான் இருப்பார் என்பது என் எண்ணம். மற்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு வினைச்சொல் மாறியதும் ஆளே வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டார்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘ஐ சஸ்பெக்ட் த ஃபைல் வென்ட் டு த ராங் அட்ரஸ்’.

இது உங்கள் ஒருவரின் குறை இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்த ஆவணங்களைச் சரிபார்ப்பதிலேயே கழித்தவள் நான். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. ஒரு சாட்சியின் வாக்குமூலம் இன்னும் கண்முன் நிற்கிறது. இரவுக் காவலாளி ஒருவர் தமிழில் சொல்லியிருந்தது: ‘அந்த வண்டி அவருடையதாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டேன்.’ ஆங்கிலத்தில் தட்டச்சாகி என் மேசைக்கு வந்தது: ‘ஐ டவுட்டட் தட் த வெஹிகிள் வாஸ் ஹிஸ்.’ வண்டி அவருடையது என்று சொல்ல வந்த சாட்சியை, வண்டி அவருடையதாக இருக்காது என்று சொல்ல வைத்துவிட்டது அந்த ஒரு சொல். ‘டவுட்டட்’ என்பதைப் பென்சிலால் சுழித்து, மேலே ‘சஸ்பெக்டட்’ என்று எழுதினேன். பெயர்த்த இளைஞர் அகராதியை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கங்களையும் புரட்டிக் காட்டினார். இரண்டு சொல்லுக்கும் ‘சந்தேகி, ஐயுறு’ என்றுதான் போட்டிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருளைப் போட்டுவிட்டு, இவை எங்கே பிரிகின்றன என்று ஒரு வரிகூடச் சொல்லாத அந்த அகராதிமேல்தான் வந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும்போது அதன் பக்கத்தில் நிற்கும் சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

சரி, இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ் வாக்கியத்திலேயே அதற்குக் குறிப்பு இருக்கிறது. நாம் ‘சந்தேகம்’ என்று ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும், அதற்கு முன்னால் வரும் வினை மாறிவிடுகிறது. ‘அவர் வருவாரா என்பது சந்தேகம்’ என்கிறோம். ‘அவர்தான் எடுத்தார் என்று சந்தேகம்’ என்கிறோம். முதலாவதில் ‘வருவாரா’ என்று வினாவாக நிற்கிறது, அது ‘டவுட்’. இரண்டாவதில் ‘எடுத்தார்’ என்று வினைமுற்றாக நிற்கிறது, அது ‘சஸ்பெக்ட்’. சந்தேகத்துக்கு முன்னால் ‘ஆ’ இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் ‘ஓ’. ‘அவராக இருக்குமோ என்று சந்தேகம்’ என்பதும் கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் ‘இருக்குமோ’ என்று சொல்பவரின் மனம் ‘இருக்கும்’ என்ற பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டது, சொல்லத்தான் கூசுகிறது. ஆகவே ‘ஓ’ வந்தால் ‘சஸ்பெக்ட்’. உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். ‘தவறான முகவரிக்குப் போய்விட்டதோ’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். தமிழில் மிகச் சரியாக யோசித்திருக்கிறீர்கள். அந்த ‘ஓ’ ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் தொலைந்துவிட்டது.

மேற்படிப்புக்காக வெளிநாடு வந்திருக்கிறேன். வகுப்பில் எழுந்து ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றேன். பேராசிரியர் முகம் சற்று மாறி, ‘நான் சொன்னதில் எதை நீங்கள் ஏற்கவில்லை?’ என்று கேட்டார். எனக்கு அவர் சொன்னது புரியவில்லை, அவ்வளவுதான். நாம் பள்ளியிலிருந்து சொல்லிவரும் இந்த வாக்கியம் தவறா?

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். புழங்கும் வட்டம் வேறு என்பேன். இந்திய ஆங்கிலத்தில் ‘டவுட்’ என்பதற்கு ‘கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்’ என்ற பொருள் நன்றாக வேரூன்றிவிட்டது. நம்மோடு இது நிற்கவும் இல்லை. ஸ்பானிய மொழியில் ஒரு மாணவர் ‘தெங்கோ உனா தூதா’ என்பார். சொல்லுக்குச் சொல் ‘எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது’ என்பதுதான், கேட்பது விளக்கம்தான். போர்ச்சுகீசியத்திலும் இதே வழக்கு உண்டு. எனவே யாராவது இதைக் கேலி செய்தால் தலைகுனிய வேண்டாம்.

ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வளர்ந்தவர் காதில் அது வேறாக விழுகிறது. ‘நீங்கள் சொன்னது உண்மையா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை’ என்று அவர் கேட்கிறார். உங்கள் பேராசிரியர் முகம் மாறியதில் வியப்பில்லை. அவர் நேர்மையாகவே கேட்டிருக்கிறார்: எதை ஏற்கவில்லை?

பள்ளித் தமிழ் இலக்கணத்தில் வினா வகை ஆறு படித்திருப்பீர்கள். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பட்டியல் இங்கே அழகாகக் கைகொடுக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ‘அங்கே கிடப்பது கயிறா, பாம்பா?’ என்று இரண்டுக்கு நடுவே தடுமாறிக் கேட்பது ஐய வினா. வகுப்பில் நீங்கள் கேட்க நினைத்தது அறியா வினா. ஆங்கிலத்தில் அது ‘கொஸ்டின்’. ‘டவுட்’ என்பது ஐயத்தோடு சேர்ந்தது. நம் இலக்கணம் இவ்வளவு துல்லியமாகப் பிரித்து வைத்திருந்தும், பேச்சில் ‘ஒரு சந்தேகம் கேட்கலாமா?’ என்று இரண்டையும் ஒரே பெயரில் கேட்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிட்டது.

இனி ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்று சொல்லுங்கள். பேராசிரியரின் கருத்தையே மறுக்கும் நாள் வந்தால் தயங்காமல் ‘ஐ ஹாவ் மை டவுட்ஸ் அபவுட் தட்’ என்று சொல்லுங்கள். அன்றைக்கு அந்தச் சொல் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

ஐயா / அம்மா, ‘டவுட்’ என்ற சொல்லின் நடுவில் ‘பி’ எதற்கு? யாருமே உச்சரிப்பதில்லையே.

இடைக்கால ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது ‘பி’ இல்லாமல்தான் எழுதினார்கள். பிறகு, லத்தீன் கற்ற அறிஞர்கள் இந்தச் சொல்லின் மூலம் ‘துபிதாரே’ என்ற லத்தீன் வினை என்பதைக் காட்ட விரும்பி, எழுத்தில் மட்டும் ‘பி’யைச் செருகினார்கள். வாய் அதை ஏற்கவே இல்லை. கடன் என்று பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு காலத்தில் ‘பி’ சேர்த்து எழுதிப் பார்த்து, பின்னர் விட்டுவிட்டார்கள். ஆங்கிலம் இன்னும் சுமக்கிறது.

அந்த லத்தீன் சொல்லுக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. ‘துபிதாரே’யின் அடியில் இருப்பது ‘துவோ’, அதாவது இரண்டு. மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பதுதான் ‘டவுட்’. ஜெர்மன் மொழியில் சந்தேகத்துக்கு ‘ட்ஸ்வைஃபெல்’ என்று பெயர். அதற்குள்ளும் ‘ட்ஸ்வை’ என்ற இரண்டு. பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் புழங்கிய பழஞ்சொல்லும் இரண்டு என்ற எண்ணிலிருந்து பிறந்ததுதான். நாமும் ‘இரண்டு மனமாக இருக்கிறது’ என்கிறோம். எங்கெங்கோ இருந்த மக்கள் தடுமாற்றத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரே எண்ணைத் தொட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தருகிறது.

‘சஸ்பெக்ட்’ பிறந்த இடம் வேறு. ‘ஸ்பெக்’ என்றால் பார்த்தல். முன்னால் இருக்கும் பகுதி ‘கீழிருந்து’ என்று பொருள் தரும். தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இங்கே இரண்டு மனம் இல்லை. பார்வை ஏற்கெனவே ஒருவர்மேல் போய் நின்றுவிட்டது.

‘நோ டவுட்’ என்றால் ‘சந்தேகமே இல்லை’ என்றுதானே பொருள்? என் ஆங்கில நண்பர் ‘நோ டவுட் யூ ஆர் டயர்ட்’ என்றார். நான் களைப்பாகவே இல்லை. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்?

அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ‘களைப்பாக இருப்பீர்கள்’ என்று ஊகித்துத்தான் சொன்னார். சொல்லளவில் ‘சந்தேகம் இல்லை’ என்று இருந்தாலும், வாக்கியத்தின் தலையில் தனியாக வரும் ‘நோ டவுட்’ தேய்ந்து தேய்ந்து ‘அநேகமாக’, ‘இருக்கத்தான் செய்யும்’ என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. ‘டவுட்லெஸ்’ என்ற சொல்லும் அப்படியே. பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால் ஒரு ‘பட்’ வரும்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஆனாலும்... என்று.

உண்மையிலேயே சந்தேகம் இல்லை என்றால் ‘தேர் இஸ் நோ டவுட் தட்’ என்று முழுதாக ஆரம்பிக்க வேண்டும். அல்லது ‘வித்தவுட் டவுட்’, ‘அன்டவுட்டட்லி’. மருத்துவ அறிக்கை, ஒப்பந்தம் போன்றவற்றைப் பெயர்ப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ‘நோ டவுட்’ என்பதைக் கண்டவுடன் ‘ஐயமின்றி’ என்று எழுதிவிட்டால், எழுதியவர் கொடுக்காத உறுதியை நாம் கொடுத்தவர்களாகிறோம்.

நான் ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மனைவி கணவனிடம், ‘என்னைச் சந்தேகப்படாதே’ என்கிறாள். ‘டோன்ட் டவுட் மீ’ என்பதா, ‘டோன்ட் சஸ்பெக்ட் மீ’ என்பதா?

கதையில் இதற்கு முன் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் யாராலும் விடை சொல்ல முடியாது.

ஒருவரை ‘டவுட்’ செய்தால், அவர் சொல்லை நம்பவில்லை, அல்லது அவரால் முடியும் என்று நம்பவில்லை. ‘சஸ்பெக்ட்’ செய்தால், அவர் ஏதோ தவறு செய்திருக்கிறார் என்று நினைக்கிறோம். ‘பணத்தை நான் திரும்பக் கொண்டுவந்து தருவேன், என்னைச் சந்தேகப்படாதே’ என்று அவள் சொல்லியிருந்தால் அது ‘டவுட்’. அலமாரியில் வைத்த பணம் காணாமல் போய், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லியிருந்தால் அது ‘சஸ்பெக்ட்’. முதல் மனைவி நம்பிக்கை கேட்கிறாள். இரண்டாவது மனைவி குற்றத்தை மறுக்கிறாள். தமிழ் வாசகர் இரண்டு குரலையும் சூழலிலிருந்தே கேட்டுவிடுவார். ஆங்கிலத்தில் நீங்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

கணவன் மனைவி இடையே நடத்தை பற்றிய சந்தேகமாக இருந்தால், இரண்டு வினையும் அங்கே சரியாகப் பொருந்தாது என்பது என் கருத்து. ‘டோன்ட் சஸ்பெக்ட் மீ’ என்று ஆங்கிலம் பேசும் மனைவி சொல்வது அரிது. துப்பறியும் கதை வாசனை வந்துவிடும். ‘வொய் டோன்ட் யூ டிரஸ்ட் மீ?’ என்பாள். சந்தேகம் என்ற சொல்லையே விட்டுவிட்டு நம்பிக்கை என்ற சொல்லுக்குப் போவதற்குத் தயங்காதீர்கள். அவள் மனத்தில் இருக்கும் வலிதான் பெயர வேண்டும்.

இன்னொன்று. ஒருவர் தன்னையே நம்பாமல் இருப்பதை ‘செல்ஃப் டவுட்’ என்பார்கள். ‘செல்ஃப் சஸ்பிஷன்’ என்று அன்றாடப் பேச்சில் இல்லை. நம்மால் முடியுமா என்று நாம் தயங்குவோம். நாமே குற்றவாளியோ என்று நம்மைத் துப்புத் துலக்குவது அரிதுதானே.

‘சஸ்பிஷஸ்’ என்ற பெயரடையிலும் கவனம் வேண்டும். ‘ஹி இஸ் எ சஸ்பிஷஸ் மேன்’ என்றால் எல்லாரையும் சந்தேகிக்கும் சந்தேகப் பிராணியும் ஆகலாம். எல்லாராலும் சந்தேகிக்கப்படும் ஆளும் ஆகலாம். ‘சஸ்பிஷஸ் ஆஃப்’ என்று வந்தால் மட்டுமே முதல் பொருள் உறுதி.

சட்டக் கல்லூரி மாணவன். ‘ரீசனபிள் டவுட்’, ‘ரீசனபிள் சஸ்பிஷன்’ இரண்டையும் ‘நியாயமான சந்தேகம்’ என்றே என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. உடனே திருத்துங்கள். நான் இதுவரை சொன்னதெல்லாம் மின்னஞ்சலிலும் வகுப்பிலும் ஏற்படும் சங்கடம். நீதிமன்றத்தில் இதன் மறுமுனையில் ஒருவரின் விடுதலை இருக்கிறது.

முதலாவது குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பது. இரண்டாவது அவரைத் தடுத்து நிறுத்த அதிகாரம் தருவது. ஒரே தமிழ்த் தொடரில் இரண்டையும் அடைத்தால், கேடயமும் ஈட்டியும் ஒன்றாகிவிடும்.

‘ரீசனபிள் டவுட்’ என்பதன் எடையைக் காட்ட, 1935-இல் இங்கிலாந்தில், அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வுல்மிங்டன் வழக்கைப் படியுங்கள். ரெஜினால்ட் வுல்மிங்டன் என்ற இளைஞர், பண்ணைத் தொழிலாளி. பிரிந்து போயிருந்த மனைவி அவர் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து இறந்தார். தற்செயலாக வெடித்துவிட்டது என்பது அவர் வாதம். விசாரணை நீதிபதி நடுவர் குழுவிடம் (ஜூரி), தற்செயல்தான் என்று நிறுவுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு என்ற பொருளில் அறிவுறுத்தினார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு பிரபுக்கள் சபைவரை போனது. குற்றத்தை நிறுவ வேண்டியது அரசுத் தரப்பு; குற்றம் சாட்டப்பட்டவர் தன் குற்றமின்மையை நிறுவ வேண்டியதில்லை; முழுச் சாட்சியத்தையும் பார்த்த பிறகு நியாயமான ஐயம் எழுந்தால் அவர் விடுவிக்கப்பட வேண்டும் என்று சாங்கி பிரபு தீர்ப்பில் எழுதினார். ஆங்கிலக் குற்றவியல் சட்டம் என்ற வலை முழுவதும் ஓடும் தங்க இழை என்று அதை அவர் வருணித்தார். தண்டனை ரத்தானது. ‘டவுட்’ என்பது ‘இவர் செய்திருப்பார் என்று எனக்கு உறுதி வரவில்லை’ என்று சாய்வதால்தான் இப்படி ஓர் உயிரைக் காக்க முடிகிறது.

‘ரீசனபிள் சஸ்பிஷன்’ எதிர்ப்பக்கம் சாய்வது. ‘இவர் ஏதோ செய்திருப்பார்’ என்று கருதுவதற்குச் சுட்டிக்காட்டத்தக்க காரணம் இருக்கிறது என்பது பொருள். 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த டெர்ரி எதிர் ஓஹையோ வழக்கிலிருந்து அங்கே காவலர்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி விசாரிக்க இந்த அளவு போதும். வெறும் உள்ளுணர்வு போதாது. ஆனால் கைதுக்கு வேண்டிய அளவு ஆதாரமும் தேவையில்லை. தண்டிக்கவோ இது எந்த வகையிலும் போதாது. எவ்வளவு வலுவான ‘சஸ்பிஷன்’ இருந்தாலும் ‘டவுட்’ மிஞ்சினால் ஆள் விடுதலை. இந்த ஒரு வாக்கியத்தை ‘எவ்வளவு வலுவான சந்தேகம் இருந்தாலும் சந்தேகம் மிஞ்சினால் விடுதலை’ என்று பெயர்த்துப் பாருங்கள். பொருளே இல்லாமல் போகிறது.

என் பரிந்துரை: ‘டவுட்’டுக்கு ‘ஐயம்’, ‘சஸ்பிஷ’னுக்கு ‘சந்தேகம்’ என்று உங்கள் குறிப்பேட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். ‘ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தல்’ என்ற தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘சந்தேக நபர்’ என்பதும் நாளிதழ்களில் பழகிய வழக்கு. இரண்டு தமிழ்ச் சொற்களும் அகராதியில் ஒன்றாக இருக்கலாம். சட்டத் தமிழில் அவற்றுக்குத் தனித்தனி வேலை கொடுத்துவிடலாம். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று தீர்ப்புச் செய்திகளில் வருவதை ‘ஐயத்தின் பலன்’ என்று மாற்றினால் ஒழுங்காக இருக்கும். பழகிப்போன தொடரை மாற்றுவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். உங்களைப் போன்ற இளைஞர்கள் தொடங்கினால் நடக்கும்.

இங்கிலாந்திலேயே இப்போது நீதிபதிகள் நடுவர் குழுவிடம் ‘ரீசனபிள் டவுட்’ என்று சொல்லி விளக்குவதைவிட, ‘குற்றம் செய்தார் என்று உங்களுக்கு உறுதியாக இருக்க வேண்டும்’ என்று நேராகச் சொல்வதையே விரும்புகிறார்கள். எளிய சொல் கிடைக்கும்போது அதையே எடுப்பது நல்லது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஒரு பாட்டி, ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றார். மழை வராது என்கிறார் என்று நம்பிக் குடையில்லாமல் போய் நனைந்தேன். உங்கள் தராசு அங்கே வேலை செய்யவில்லையே?

அங்கே வேலை செய்யாதுதான். ஸ்காட்டிஷ் வழக்கில் ‘ஐ டவுட்’ என்பது ‘மழை வந்துவிடும் போலிருக்கிறது’ என்ற அச்சத்தைச் சொல்வது. பழைய பிரெஞ்சிலும் பழைய ஆங்கிலேயர் வழக்கிலும் இந்தச் சொல்லுக்கு அஞ்சுதல் என்ற பொருளும் இருந்தது. எதிரிகள் அஞ்சத்தக்க வீரரைக் குறிக்கும் ‘ரிடவுட்டபிள்’ என்ற சொல்லில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பாட்டி சொன்னது நம் ‘மழை வருமோ’ என்பதற்கு மிக அருகில் இருக்கிறது. மேலே சொன்ன அதே ‘ஓ’.

நானே நான்கு வாக்கியம் பெயர்த்து அனுப்புகிறேன். திருத்திக் கொடுங்கள். ஒன்று: ‘அவன் பொய் சொல்கிறான் என்று சந்தேகிக்கிறேன்’ – ‘ஐ டவுட் ஹி இஸ் லையிங்’. இரண்டு: ‘அவனால் இதைத் தூக்க முடியுமா என்பது சந்தேகம்’ – ‘ஐ டவுட் ஹி கேன் லிஃப்ட் திஸ்’. மூன்று: ‘அவள் வெற்றி பெறுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை’ – ‘ஐ டோன்ட் சஸ்பெக்ட் ஷி வில் வின்’. நான்கு: ‘குழாயில் எங்கோ கசிவு இருக்கும் போலிருக்கிறது’ – ‘ஐ சஸ்பெக்ட் தேர் இஸ் எ லீக்’.

இரண்டும் நான்கும் சரி. நான்காவதில் யாரும் குற்றவாளி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘சஸ்பெக்ட்’ என்றதும் திருடனைத் தேட வேண்டியதில்லை. ‘இருக்கும் என்று தோன்றுகிறது’ என்ற எளிய ஊகத்துக்கும் அது பொருந்தும். நீங்கள் தமிழில் ‘சந்தேகம்’ என்று எழுதாமலேயே அதைத் தேர்ந்திருப்பது நல்ல அறிகுறி.

முதலாவது ‘ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் லையிங்’ என்று வர வேண்டும். நீங்கள் எழுதியபடி விட்டால் அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். மூன்றாவது ‘ஐ டோன்ட் டவுட் தட் ஷி வில் வின்’, அல்லது ‘ஐ ஹாவ் நோ டவுட் தட் ஷி வில் வின்’. இரண்டில் எனக்குப் பிடித்தது பின்னது. அவளுக்கே எழுதும் வாழ்த்துக் கடிதமாக இருந்தால் இன்னும் நேராக ‘ஐ நோ யூ வில் வின்’ என்றே எழுதிவிடுங்கள்.